முத்திரை குத்தப்பட்ட குத்துச்சண்டை வீரர்

தலையில் பெரிய பாகை. அதன் நடுவே மின்னும் ஒரு கல். சொந்த ஊர் பம்பாய். குத்துச்சண்டை மேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே மறைந்துவிடுவார். அடுத்த நொடி வேறொரு பக்கத்தில் தோன்றிக் குத்துவிடுவார். பெயர் ‘கிரேட் டைகர்’. மாபெரும் புலி என்று பொருள்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் உருவாக்கிய ‘பஞ்ச்-அவுட்’ காணொளி விளையாட்டுத் தொடரில் வரும் எதிராளி இவர். உங்கள் பெற்றோர் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த 1980களில் உருவானவர். பழைய விளையாட்டுகளைத் தேடி விளையாடும் இன்றைய இளையர்களும் இவரைச் சந்திக்கிறார்கள்.

விளையாட்டு வடிவமைப்பில் ஆர்வமுள்ள மாணவர்கள் இவரிடமிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். நல்ல எதிராளியை உருவாக்குவது எப்படி என்பது ஒன்று. கோடிக்கணக்கான மக்களை ஒரே படத்துக்குள் அடைத்துவிடுவது எவ்வளவு எளிது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றாகத்தான் வரவேண்டுமா?

மிஞ்சிய திரைகளில் பிறந்த விளையாட்டு

1981ல் வெளிவந்த ‘டாங்கி காங்’ நின்டெண்டோவுக்குப் பெரும் வெற்றியைத் தந்தது. காசு போட்டு விளையாடும் அந்த இயந்திரங்களுக்காக வாங்கிய திரைகள் மிஞ்சிப்போயின. ஒரே இயந்திரத்தில் இரண்டு திரைகளைப் பயன்படுத்தும் விளையாட்டு ஒன்றைச் செய்ய முடியுமா என்ற கேள்வி, நின்டெண்டோவின் மூத்த வடிவமைப்பாளர்களில் ஒருவரான கென்யோ டக்கேடாவிடம் வந்தது. அதற்கு அவரும் அவரது குழுவினரும் தந்த விடைதான் 1984ல் வந்த ‘பஞ்ச்-அவுட்’. பாத்திரங்களை வரைந்தவர், மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமொட்டோ.

மேல்திரையில் போட்டி விவரங்கள், கீழ்த்திரையில் சண்டை. விளையாடுபவர் தம் வீரரைப் பின்னாலிருந்து பார்ப்பார். வீரரின் உடல் எதிராளியை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக, அவரை வெறும் பச்சைக் கோடுகளால் மட்டும் வரைந்தார்கள். அவரது உடலின் ஊடாகவே எதிராளியைப் பார்க்கலாம்.

இதனால் ஒரு விளைவு ஏற்பட்டது. நம் வீரருக்கு முகமில்லை. திரையை நிரப்பி நிற்பவர் எதிராளிதான். அவரது பெயர், முகம், சிரிப்பு, ஊர் ஆகியவைதான் விளையாட்டின் சுவை. ஆகவே ஒவ்வோர் எதிராளியும் பார்த்தவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு அவர்கள் கையாண்ட வழி, ஆளுக்கொரு நாடு. முதல் விளையாட்டில் பிரான்சின் ‘கிளாஸ் ஜோ’ ஒரு குத்துக்கே உடைந்துபோகும் கண்ணாடி மனிதர். இத்தாலியருக்குச் சூட்டிய பெயர் ‘பீட்சா பாஸ்டா’. நம் ஊர்க்காரர் ஒருவருக்கு ‘இட்லி தோசை’ என்று பெயர் வைத்ததுபோல!

அதே ஆண்டில் வந்த இரண்டாம் விளையாட்டான ‘சூப்பர் பஞ்ச்-அவுட்’டில் மேலும் சிலர் சேர்ந்தார்கள். ஹாங்காங்கின் ‘டிராகன் சான்’ எதிராளியை உதைத்தார். சோவியத் யூனியனைச் சேர்ந்தவருக்கு ‘வோட்கா டிரங்கன்ஸ்கி’ என்று பெயர். மதுவும் குடிபோதையும் பெயரிலேயே இருந்தன. கிரேட் டைகரும் அந்த விளையாட்டில்தான் அறிமுகமானார்.

1987ல் வீட்டில் விளையாடும் நின்டெண்டோ கருவிக்காக ‘மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்’ வந்தது. உலகெங்கும் இளையர்கள் கிரேட் டைகரை அறிந்துகொண்டது இதன்மூலம்தான். இம்முறை நம் வீரருக்கு ‘லிட்டில் மேக்’ என்ற பெயரும் முகமும் கிடைத்தன. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைச் சேர்ந்த 17 வயது இளையர் அவர். பச்சைக் கோடுகளால் ஊடுருவித் தெரியும் உடலை அந்தக் கருவியில் காட்ட இயலாததால், அவரைக் குட்டையாக வரைந்தார்கள். அவரது தலைக்கு மேலே எதிராளி மலைபோல் நிற்பார்.

எதிராளி ஒரு புதிர்

‘பஞ்ச்-அவுட்’ பார்ப்பதற்குக் குத்துச்சண்டை. விளையாடிப் பார்த்தால் அது ஒரு புதிர். கண்டபடி குத்தினால் வெல்ல முடியாது. எதிராளி குத்துவதற்கு முன்பு ஏதேனும் ஓர் அறிகுறியைக் காட்டுவார். அதைக் கவனித்து, விலகி, சரியான நொடியில் திருப்பிக் குத்தவேண்டும்.

தென்கடல் தீவு அரசராகக் காட்டப்படும் ‘கிங் ஹிப்போ’ வாயைத் திறக்கும் நேரத்தில் குத்தினால் அவரது காற்சட்டை நழுவும். வயிறு திறந்த இலக்காகிவிடும். துருக்கியின் ‘பால்ட் புல்’ காளைபோல் துள்ளித் துள்ளிப் பாய்ந்து வருவார். துல்லியமான நொடியில் ஒரு குத்து விட்டால் விழுந்துவிடுவார். நொடி தவறினால் விழுவது நாம்தான்.

கிரேட் டைகரின் புதிர் இன்னும் அழகானது. அவர் குத்துவதற்குச் சற்று முன்பு பாகையிலுள்ள கல் மின்னும். அவரது கையைப் பார்ப்பதைவிட அந்தக் கல்லைப் பார்ப்பதே பலன் தரும். பிறகு அவரது மாயக் குத்து. மறைந்து மறைந்து தோன்றி, அடுத்தடுத்து ஐந்து முறை தாக்குவார். பதறாமல் ஐந்தையும் தடுத்துவிட்டால் அவருக்கே தலைசுற்றும். அப்போது ஒரு குத்து போதும்.

பதற்றத்தை அடக்கி ஐந்து வரை எண்ணத் தெரிந்தவருக்கே வெற்றி. விதியை யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. தோற்றுத் தோற்று நாமே கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்த கணத்தில் வரும் மகிழ்ச்சிதான் இந்த விளையாட்டை இத்தனை ஆண்டுகள் வாழ வைத்திருக்கிறது. வடிவமைப்பு என்ற முறையில் கிரேட் டைகருக்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம்.

ஆனால் இந்தப் புதிருக்கு இந்தியா எதற்குத் தேவைப்பட்டது? மின்னும் கல் ஒரு கிரீடத்தில் இருந்திருக்கலாம். ஒரு பல்லில்கூட இருந்திருக்கலாம். மறைந்து தோன்றும் வித்தையை எந்த ஊர்க்காரருக்கும் கொடுத்திருக்கலாம்.

ஓர் உடலுக்கு இரண்டு தலைகள்

ஒரு காரணம் தொழில்நுட்பம். அன்றைய கருவியின் நினைவகம் மிகச் சிறியது. திரையில் ஒரே நேரத்தில் காட்டக்கூடிய நிறங்களும் குறைவு. எதிராளிகளைப் பெரிதாகக் காட்டுவதற்காக இந்த விளையாட்டின் கேட்ரிட்ஜுக்குள் தனிச் சில்லு ஒன்றையே வைக்கவேண்டியிருந்தது. அப்படியும் ஒவ்வொருவருக்கும் முழு உடலை வரைய இடமில்லை. ஆகவே ஒருவரது உடலை இன்னொருவருக்கு இரவல் கொடுத்தார்கள்.

மாஸ்கோவின் எதிராளியும் ஹாலிவுட்டிலிருந்து வரும் ‘சூப்பர் மேச்சோ மேன்’னும் அப்படிப்பட்ட இருவர். தலையையும் நிறத்தையும் நீக்கிவிட்டால் இருவருக்கும் ஒரே உடல்தான். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பகைமை பாராட்டிய பனிப்போர்க் காலத்தில், ஒரு ரஷ்யரும் ஓர் அமெரிக்கரும் விளையாட்டு நிரலுக்குள் ஒரே உடலைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். மைக் டைசனுடனான ஒப்பந்தம் முடிந்தபின் 1990ல் வந்த பதிப்பிலும் இதே உத்திதான். தலையை மாற்றி, ‘மிஸ்டர் டிரீம்’ என்று வேறு பெயர் வைத்தார்கள்.

ஓர் ஆளை அடையாளம் காட்ட ஒரு தலையும் ஒரு பெயரும் மட்டுமே உண்டு என்றால், வரைபவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான். இந்தியர் என்றால் பாகை. ஸ்பானியர் என்றால் வாயில் ரோஜாப்பூ. ரஷ்யர் என்றால் பாட்டில். முத்திரை என்பது ஒரு குறுக்குவழி. இடம் குறைவாக இருக்கும்போது குறுக்குவழியின் மீது ஆசை அதிகமாகிறது.

பாகைக்குள் மாயம் வந்த கதை

ஆனால் பார்ப்பவர் மனத்தில் அந்தப் படம் எப்படி வந்தது? அதை வைத்தவர்கள் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் அல்லர். அந்தக் கதை இன்னும் பழையது.

1890ல் அமெரிக்காவின் ‘சிகாகோ டிரிபியூன்’ நாளேடு ஒரு செய்தி வெளியிட்டது. இந்தியாவில் ஒரு வித்தைக்காரர் கயிற்றை வானை நோக்கி வீசியதாகவும், அது அப்படியே நின்றதாகவும், ஒரு சிறுவன் அதில் ஏறி மறைந்ததாகவும் அது கூறியது. நேரில் கண்டதாகச் சொல்லப்பட்டவரின் பெயர் ஃபிரெட் எஸ். எல்மோர். ‘எஸ்’ஸையும் ‘எல்மோர்’ரையும் சேர்த்துப் படித்தால் ‘செல் மோர்’, அதாவது ‘அதிகம் விற்பனை செய்’! விற்பனைக்காகப் புனைந்த கதை அது. சில மாதங்களில் நாளேடே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் மறுப்பைப் படித்தவர்கள் சிலர். கதையை நம்பியவர்கள் பலர். ‘இந்தியக் கயிற்று வித்தை’ உலகப் புகழ் பெற்றுவிட்டது.

மேடை வித்தைக்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ‘அலெக்சாண்டர்’ என்ற பெயரில் மனத்தைப் படிப்பதாகக் கூறி நிகழ்ச்சி நடத்திய கிளாட் அலெக்சாண்டர் கான்லின் அமெரிக்கர். அவரது சுவரொட்டிகளில் அவர் பாகையோடுதான் தோன்றுவார். பின்னர் 1949 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் தொலைக்காட்சியில் கோர்லா பண்டிட் என்பவர், கல் பதித்த பாகையுடன் ஒரு சொல்லும் பேசாமல் ஆர்கன் வாசித்துப் புகழ்பெற்றார். டெல்லியில் பிறந்தவராகச் சொல்லிக்கொண்ட அவரது இயற்பெயர் ஜான் ரோலண்ட் ரெட். மிசூரி மாநிலத்தில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். இனப் பாகுபாடு நிலவிய நாட்டில், ஒரு கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த கதவுகள் பாகை கட்டிய ‘இந்திய’ருக்குத் திறந்தன. அவர் 1998ல் இறந்த பிறகே உண்மை வெளியே வந்தது.

ஜப்பானுக்கும் இந்த உருவம் புதிதன்று. 1960ல் அங்கே ஒளியேறிய ‘கைக்கெட்சு ஹரிமாவ்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் நாயகன் வெள்ளைப் பாகையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருப்பான். ‘ஹரிமாவ்’ என்பது நமக்கெல்லாம் தெரிந்த மலாய்ச் சொல்தான், புலி! திரெங்கானுவில் வளர்ந்து 1942ல் சிங்கப்பூரில் இறந்த தானி யுத்தாக்கா என்ற ஜப்பானியரின் கதையிலிருந்து உருவான நாயகன் அவன். 1970களில் ஜப்பானிய மல்யுத்த மேடைகளில் கனடாவின் டைகர் ஜீத் சிங் வில்லனாக உலா வந்தார். பஞ்சாபில் பிறந்த அவர் பாகையோடும் வாளோடும் மேடையேறி, ரசிகர்களின் நாயகனான அந்தோனியோ இனோக்கியுடன் மோதினார்.

இவர்களில் யாரைப் பார்த்துக் கிரேட் டைகரை வரைந்தார்கள் என்று தேட வேண்டியதில்லை. 1984ல் பாகை, புலி, மாயம் ஆகிய மூன்றையும் யாரும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதே இங்கு முக்கியம். அவை ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு பொய்ச் செய்தியும் ஒரு வித்தைக்காரரின் சுவரொட்டியும் தலைமுறை தாண்டி ஒரு சிறுவனின் விளையாட்டுக் கருவிக்குள் வந்து சேர்ந்தன.

எதை மாற்றினார்கள்?

முத்திரைகளை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1987 பதிப்பில் வோட்கா டிரங்கன்ஸ்கியின் பெயர் ‘சோடா பாப்பின்ஸ்கி’ என்று மாறியது. நின்டெண்டோவின் அமெரிக்கப் பிரிவு, சிறுவர்கள் விளையாடும் விளையாட்டுகளில் மதுவைக் காட்ட அனுமதிக்கவில்லை. ஆகவே வோட்கா சோடாவானது. ஆனால் ரஷ்யரின் கையில் பாட்டில் அப்படியே இருந்தது. பானம் மாறியது; பார்வை மாறவில்லை.

22 ஆண்டுகள் கழித்து, 2009ல் ‘வீ’ கருவிக்காகக் கனடாவின் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் நிறுவனம் ‘பஞ்ச்-அவுட்’டை மறுபடியும் உருவாக்கியது. இப்போது இடப் பற்றாக்குறை இல்லை. நிறங்களுக்கும் குறைவில்லை. எதிராளிகள் தத்தம் மொழிகளில் பேசினார்கள். கிரேட் டைகரின் ஊர் மும்பை என்று திருத்தப்பட்டது. அவர் இந்தி பேசினார். அதோடு புலித்தோலைப் போர்த்திக்கொண்டார். தம்மைப்போலவே பல உருவங்களை உண்டாக்கி நம்மைக் குழப்பவும் செய்தார்.

தொழில்நுட்பம்தான் காரணம் என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறது. கருவி வளர்ந்தபோது முத்திரை மறையவில்லை. இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பழைய ரசிகர்கள் பழைய உருவத்தையே எதிர்பார்த்தார்கள் என்பது உண்மை. 1984ல் அவசரத்துக்கு எடுத்த குறுக்குவழி, 2009ல் மரபாகிவிட்டது.

எல்லாரையும்தானே கேலி செய்கிறார்கள்?

இந்த விளையாட்டை விரும்புவோர் சொல்லும் நியாயமான வாதம் ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஸ்பானியர், அமெரிக்கர் என எல்லாரையும் கேலி செய்யும்போது, இந்தியருக்கு மட்டும் ஏன் கோபம் வரவேண்டும்? ஜப்பானியக் குழு தங்கள் நாட்டவரையே ‘பிஸ்டன் ஹோண்டா’ என்று கேலிச்சித்திரமாக்கியதே?

இதில் உண்மை இருக்கிறது. யாரையும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு இந்த விளையாட்டைச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் கேலியை எடைபோடும்போது, ஒரு நாட்டவருக்கு எத்தனை முகங்கள் கிடைத்தன என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1987 பதிப்பில் அமெரிக்கர்கள் எத்தனை பேர்? நாயகன் லிட்டில் மேக், அவரது பயிற்றுநர் டாக் லூயிஸ், பலம் மிக்க மிஸ்டர் சேண்ட்மேன், வீண்பெருமை பேசும் சூப்பர் மேச்சோ மேன், கடைசியில் உண்மையான உலக வெற்றியாளர் மைக் டைசன். ஒருவர் கேலிக்குரியவர் என்றால் மற்றவர்கள் சமன் செய்துவிடுகிறார்கள். அமெரிக்கர் என்றால் இப்படித்தான் என்ற எண்ணம் யாருக்கும் வராது.

இந்தியாவுக்கு ஒரே ஒருவர். அவரும் குத்துச்சண்டைத் திறனால் வெல்பவர் அல்லர்; மாயத்தால் ஏமாற்றுபவர். 1991ல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டிரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் இந்தியாவின் சார்பில் வந்த தால்சிம்மும் யோகத்தால் கைகால்களை நீட்டி, வாயால் நெருப்பு உமிழ்பவர். இப்படி ஒரே வகை உருவம் திரும்பத் திரும்ப வரும்போது, இந்தியரை நேரில் பார்த்திராத ஒரு மாணவருக்கு அதுவே இந்தியர் என்றாகிவிடுகிறது.

டான்சிங் ரோஸ் தரும் விடை

அப்படியென்றால் மிகைப்படுத்தாமல் எதிராளிகளை உருவாக்கவேண்டுமா? அதற்கு அவசியமில்லை. நம்மில் பலர் பார்த்து ரசித்த ஒரு தமிழ்ப் படத்திலேயே விடை இருக்கிறது.

பா. ரஞ்சித் இயக்கத்தில் 2021ல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டை உலகைக் காட்டுகிறது. அதில் ஷபீர் கல்லரக்கல் நடித்த ‘டான்சிங் ரோஸ்’ இயல்பான மனிதர்போல் சண்டை போடுவதில்லை. ஆடுகிறார், குனிகிறார், வளைகிறார், எதிராளியின் கண்ணுக்குத் தப்புகிறார். மறைந்து தோன்றும் கிரேட் டைகரைப்போல் அவரும் ஒரு புதிர். அவரை வெல்ல, நாயகன் கபிலன் அவரது தாளத்தைப் படிக்கவேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு. டான்சிங் ரோஸின் விசித்திரம் அவருடைய கால்களில் இருக்கிறது; பிறந்த ஊரில் இல்லை. அது அவர் பயின்று பெற்ற கலை. அவரைச் சுற்றிலும் அதே ஊரைச் சேர்ந்த, அவரைப்போல் இல்லாத எத்தனையோ வீரர்கள் நிற்கிறார்கள். ஆகவே அவரைப் பார்த்து யாரும் ‘இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்று நினைப்பதில்லை. ‘இவர் இப்படி’ என்றுதான் நினைக்கிறார்கள்.

உண்மையான மேடைகளிலும் இந்தியக் குத்துச்சண்டைக்குப் பல முகங்கள் உண்டு. மணிப்பூரின் மேரி கோம் 6 முறை உலக வெற்றியாளர். ஹரியானாவின் விஜேந்தர் சிங் 2008ல் பெய்ஜிங்கில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் பதக்கத்தைப் பெற்றார். அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் தோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். தெலுங்கானாவின் நிகாத் ஸரீன் 2022ல் உலகப் பட்டம் வென்ற இடம் இஸ்தான்புல். விளையாட்டில் வரும் பால்ட் புல்லின் சொந்த ஊர்! இவர்கள் ஒவ்வொருவரும் நிற்கும் முறை வேறு, குத்தும் முறை வேறு. ஒரு வடிவமைப்பாளர் இவர்களின் ஆட்டத்தைப் பார்த்தாலே நான்கு புதிய புதிர்களை உருவாக்கிவிடலாம்.

வரையப்போகும் கைகளுக்கு

உயிரோவியம், விளையாட்டு வடிவமைப்பு போன்ற துறைகளைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் இங்கே பெருகி வருகிறார்கள். பள்ளி நாடகத்துக்கு வசனம் எழுதுவோரும், குறுங்காணொளி எடுப்போரும் நம்மிடையே பலர். பாத்திரங்களை உருவாக்குவது இன்று பெரிய நிறுவனங்களின் வேலை மட்டுமன்று.

பல இனத்தவர் ஒன்றாகப் படிக்கும் சூழலில் நமக்கும் குறுக்குவழி ஆசை வரும். சீன நண்பராக நடிக்க ஒரு பேச்சுப் பாணி, மலாய் நண்பருக்கு இன்னொன்று, வங்காளதேச ஊழியருக்கு மற்றொன்று என்று எளிதாக எழுதிவிடலாம். அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பின் நடுவே சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதற்கு நமக்கு நேரமிருப்பதில்லை. பாகையும் மாயமும் நம்மீது ஒட்டப்படும்போது வலிக்கிறது என்றால், பிறர்மீது நாம் ஒட்டுவதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒரு பாத்திரத்தை வரைந்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இவருடைய ஊர்ப் பெயரை மாற்றினால் பாத்திரம் அப்படியே நிற்குமா? நின்றால், நீங்கள் ஒரு மனிதரை உருவாக்கியிருக்கிறீர்கள். சரிந்தால், ஓர் ஊரின் முத்திரையைத்தான் வரைந்திருக்கிறீர்கள்.

இரண்டு, இவரைச் சேர்ந்தவர்களில் வேறு மாதிரி ஒருவராவது உங்கள் கதையில் இருக்கிறாரா?

மூன்று, இவர் வெல்வதும் தோற்பதும் எதனால்? தம் திறமையாலும் குறையாலுமா, அல்லது தம் இனத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதையாலா?

கிரேட் டைகரைத் தடை செய்யவேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வாய்ப்புக் கிடைத்தால் விளையாடிப் பாருங்கள். கல் மின்னும் நொடியைக் கவனியுங்கள். ஐந்து குத்துகளையும் பதறாமல் தடுங்கள். அந்தப் புதிரின் அழகைக் கற்றுக்கொள்ளுங்கள். பாகையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் எதிராளிக்கு அவருக்கே உரிய ஒரு முகத்தை வரையுங்கள்.